சொன்னவண்ணம்

அம்பத்தூர் எஸ்டேட்டில், சவுத் ஃபேஸ் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். என் மேஜைக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேட். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஸ்டீல் காயில் ஏற்றிய லாரி பின்பக்கமாக உள்ளே வரும். அந்த கேட்டைக் கட்டிய காலத்தில் லாரிகள் சின்னவை. இப்போது இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிஞ்சினால் அதிகம். லாரி உள்ளே வருவதை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். “வா… வா… வா… லெஃப்ட்ல ஒடி… ஒடி… ஒடி… போதும், நேராக்கு… வா… வா… வா, வா, வா, ஹோல்டான்!” கடைசிச் சொல்லோடு பாடியில் உள்ளங்கையால் ஓர் அறை. வண்டி நிற்கும்.

கிளீனர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. டிரைவருக்கு ஐம்பது. டிரைவர் கழுத்தை வெளியே நீட்டித்தான் வைத்திருப்பார். ஆனால் பின்னால் அவருக்குத் தெரிவதெல்லாம் தார்ப்பாயும் கயிறும். அவர் ஓட்டிக்கொண்டிருப்பது அந்தக் குரலை வைத்து. இடம் தாராளமாக இருக்கும்வரை ‘வா’ இழுபடும். சுவர் நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே வரும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே இன்னும் எத்தனை அடி பாக்கி என்று என்னால் சொல்லிவிட முடியும். இத்தனைக்கும் அந்தப் பையனிடம் லைசென்ஸ் இருந்ததா என்பதே சந்தேகம்.

ராலி காரில் டிரைவர் பக்கத்தில் உட்காரும் கோ-டிரைவரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பையன்தான்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம். 1953-இல் தொடங்கிய கிளப். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில் வருஷக்கணக்காக ரேஸ் நடத்தியவர்கள் 1990-இல் இந்தச் சொந்தத் தடத்துக்கு வந்தார்கள். தென்னிந்திய ராலியை நடத்துவதும் இவர்களே. ரேஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும்: கார்கள் கூட்டமாகக் கிளம்பும், சுற்றிச் சுற்றி வரும், முதலில் வந்தவன் ஜெயித்தான். ராலியில் ஒவ்வொரு காராகத்தான் கிளம்பும். துரத்துவதற்கு முன்னால் யாரும் இல்லை, கடிகாரம்தான் எதிரி. போக்குவரத்தை நிறுத்திவிட்டு மண் ரோட்டையோ காட்டு ரோட்டையோ சில கிலோமீட்டருக்குப் போட்டிக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்கு அதே காரில், சிக்னலுக்கு நின்று, எருமைக்கு வழிவிட்டு, நம்மைப் போலவே போகவேண்டும். ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வந்து மனப்பாடம் பண்ணிக்கொள்ளும் வசதி ராலி டிரைவருக்குக் கிடையாது. அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்பதை யாராவது சொல்லியாகவேண்டும்.

ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்று ராலியில் ஒரு சின்ன ஸ்டேஜை இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குள்ளேயே வைப்பதுண்டு. அப்படி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். புழுதி அடங்குவதற்குள் அடுத்த கார். டிரைவரின் இரண்டு கையும் ஓயவில்லை. பக்கத்தில் ஹெல்மெட் போட்ட இன்னொருவர் குனிந்த தலை நிமிராமல், பரீட்சை ஹாலுக்கு வெளியே கடைசி நிமிஷத்தில் நோட்டைப் புரட்டும் பையனைப் போல. கார் பக்கவாட்டில் சறுக்கி வளைவில் திரும்புகிறது. அவர் பக்கத்தைப் புரட்டுகிறார். வெளியே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசைகூட அந்த மனுஷனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் “அவரு எதுக்கு சார், வெயிட்டுக்கா?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

அந்த நோட்டில் இருப்பதைத்தான் பேஸ் நோட்ஸ் என்கிறார்கள். ராலி தொடங்குவதற்கு முன்னால் ஒன்றிரண்டு நாள் ரெக்கி. சாதாரணக் காரில், கட்டுப்படுத்திய வேகத்தில், ஒவ்வொரு ஸ்டேஜையும் பெரும்பாலும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம். முதல் முறை டிரைவர் சொல்லச் சொல்லக் கோ-டிரைவர் எழுதுவார். இரண்டாம் முறை கோ-டிரைவர் படிக்க, டிரைவர் திருத்துவார். வளைவுக்கு எண் உண்டு. ஒன்று என்றால் கொண்டை ஊசிக்குக் கிட்டத்தட்ட, ஆறு என்றால் காலை எடுக்காமல் போகலாம் என்பது ஒரு வழக்கம். இதையே தலைகீழாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எண்ணுக்குப் பிறகு தூரம், மீட்டரில். பிறகு வால்கள்: போகப் போக இறுகும், விரியும், மேட்டுக்கு அந்தப் பக்கம், உள்ளே வெட்டலாம், வெட்டாதே, உள்ளே கல் இருக்கிறது. ஆபத்தான இடத்துக்கு ஆச்சரியக்குறி. மோசமான இடத்துக்கு இரண்டு. பென்சிலில் எழுதுவார்கள், பேனா மை மழையில் கரையும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ரோடு காலடியில் போய்விடும். ‘லெஃப்ட் நாலு, அறுபது, ரைட் மூணு இறுகுது, வெட்டாத’ என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அறுபது மீட்டரும் தீர்ந்திருக்கும். அதனால் கோ-டிரைவர் சொல்லிக்கொண்டிருப்பது எப்போதும் இப்போதைய வளைவை இல்லை, அதற்கு அடுத்ததை. சிலர் அதற்கும் அடுத்ததை. சீக்கிரம் சொன்னால் டிரைவர் மறந்துவிடுவார். தாமதமாகச் சொன்னால் மரம் வந்து சொல்லிவிடும். ஒரே வார்த்தையை அரை விநாடி முன்னே பின்னே நகர்த்தி வைப்பதில்தான் அந்த வேலையே இருக்கிறது. வழி தெரிந்திருப்பது பெரிய விஷயமில்லை. வழி நோட்டில் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம்.

குனிந்த தலையோடு இருப்பவருக்குக் கார் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? முக்கால்வாசி உட்கார்ந்திருக்கும் இடத்தின் வழியாக. கோ-டிரைவரின் சீட்டை எடையைக் கீழே கொண்டுவருவதற்காகத் தாழ்வாகவும் பின்தள்ளியும் போட்டிருப்பார்கள். நிமிர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கார் இடப்பக்கம் அமுங்குகிறது, அப்படியென்றால் அந்த ரைட் மூணு முடிந்துகொண்டிருக்கிறது. வயிறு மேலே ஏறி இறங்குகிறது, மேடு தாண்டியாயிற்று. பக்கத்தில் இருக்கும் வரியும் முதுகெலும்பில் வந்து சேரும் சேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே அடுத்த வரியை வாய் சொல்லவேண்டும்.

ஒரு மொழி விவகாரத்தையும் இங்கே சொல்லிவிடலாம். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசாத ஆட்களும் காருக்குள் நோட்ஸை ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்றுதான் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இடது, வலது. இரண்டும் மூன்று எழுத்து, இரண்டும் ஒரே வாலில் முடிகின்றன. இன்ஜின் இரைச்சலில் முதல் இரண்டு எழுத்தும் விழுங்கிப்போனால் மிஞ்சுவது ‘து’. நம்மிடம் சோத்தாங்கை, பீச்சாங்கை என்று ஒன்றோடொன்று குழம்பாத சொற்கள் இருக்கின்றன. ஆனால் சோத்தாங்கைப் பக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் கார் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். கிளீனர் பையன் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் படித்தவனில்லை. அவனும் ‘லெஃப்ட்ல ஒடி’ என்றுதான் சொன்னான்.

இந்தக் கலையின் ஆதிக் கதை இத்தாலியில் நடக்கிறது. 1955 மில்லே மில்யா பந்தயம். பிரெஷ்ஷாவில் தொடங்கி ரோம் போய்த் திரும்பி வரவேண்டும், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர், எல்லாம் பொதுச் சாலை. மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் ஸ்டெர்லிங் மாஸ். பக்கத்தில் டெனிஸ் ஜெங்கின்சன், தாடி வைத்த குள்ளமான பத்திரிகைக்காரர். ஊரின் பாதையை மனப்பாடமாக வைத்திருந்த இத்தாலியர்களை எப்படித் தோற்கடிப்பது? இரண்டு பேரும் முன்கூட்டியே பல தடவை போய் ஓட்டிப் பார்த்து, மறைந்திருக்கும் வளைவு, மேடு, ரயில்வே கேட் என்று எல்லாவற்றையும் குறித்தார்கள். 17 அடிக்குக் குறையாத ஒரே காகிதச் சுருள். அதை ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் இரண்டு உருளையில் சுற்றி, கண்ணாடி ஜன்னல் வைத்து, கையால் திருகித் திருகிப் படித்தார் ஜெங்கின்சன். திறந்த கார், பேச்சு கேட்காது. இண்டர்காம் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. ஆகவே கைச்சாடை, பதினைந்து வாக்கில் இருந்தன. காலை 7:22-க்குக் கிளம்பிய அந்தக் காரின் எண்ணும் 722. 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் திரும்பி வந்து ஜெயித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத மேடுகளில் இன்னொருவரின் கைச்சாடையை நம்பி முழு வேகத்தில் ஏறியிருக்கிறார் மாஸ்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. வழியில் ஜெங்கின்சனுக்குக் குமட்டல். வாந்தியெடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது காற்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு சுருளைத் திருகத் தொடங்கிவிட்டார். பாதையைக் குறித்துவைப்பதற்கு அவ்வளவு பாடுபட்டவர், மனப்பாடத்தை நம்பாமல் மாற்றுக் கண்ணாடி கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள். இதே ஆள் 1949-இல் எரிக் ஆலிவரின் சைட்காரில் தொங்கிக்கொண்டு போய் உலகச் சாம்பியன் ஆனவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் முழு மனதோடு உட்காருவது என்பது ஒரு பிறவிக் குணமாக இருக்குமோ என்னவோ.

எனக்கு அந்தக் குணம் இல்லை என்பது 2009 வாக்கில் தெரிந்தது.

எங்கள் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசருக்குக் கார் பைத்தியம். ஒரு மாருதி 800 வைத்திருந்தார். பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் ஒரு டி.எஸ்.டி. ராலிக்குப் பேர் கொடுத்துவிட்டு, “தம்பி, நீ கணக்குல புலி. நேவிகேட்டரா வர்றியா?” என்றார். டி.எஸ்.டி. என்பது வேகப் போட்டி இல்லை. டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ். இந்தப் பகுதியை மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரியில், அடுத்ததை 40-இல், அதற்கடுத்ததை 48-இல் என்று கொடுத்துவிடுவார்கள். வழியில் எங்கேயோ மறைந்து மார்ஷல்கள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் போனாலும் தண்டனை, பின்னால் போனாலும் தண்டனை. கையில் ஒரு ரோடுபுக். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம், கீழே ஒரு புள்ளி நீ வரும் திசை, மேலே அம்புக்குறி நீ போகும் திசை. பக்கத்தில் கிலோமீட்டர். ஊர்ப் பெயர் இருக்காது.

முதல் வேலை உன் கார் எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது. அமைப்பாளர்களின் கணக்கில் 8.4 கிலோமீட்டர் வரும் ஒரு மைல்கல்லுக்கு வந்தபோது எங்கள் மாருதி 8.7 காட்டியது. கிலோமீட்டருக்கு 36 மீட்டர் சொச்சம் பொய். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். 28 கிலோமீட்டர் போனால் முழுசாக ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போயிருக்கும். அதற்குள் நான்கு சந்து வந்துபோகும். இந்தப் பொய்யை ஒவ்வொரு வரிக்கும் திருத்தி, 36-இல் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி, 40-இல் 90, 48-இல் 75 என்று பெருக்கி, “மூணு செகண்ட் முன்னாடி இருக்கோம்ணா, கொஞ்சம் விடுங்க” என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும். முதல் ஒரு மணி நேரம் நான் புலியாகத்தான் இருந்தேன்.

திருமழிசையில் தலையைத் தூக்கினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெகந்நாதப் பெருமாள் கோயில் பக்கம் ஏதோ உற்சவம், மேளச் சத்தம். பார்த்தேன், அவ்வளவுதான். திரும்பக் குனிந்தபோது எந்த வரி என்று விரலுக்குத் தெரியவில்லை. ஒரு வரியை இரண்டாவது முறை படித்திருக்கவேண்டும், அல்லது ஒன்றை விட்டிருக்கவேண்டும். வெள்ளவேடு தாண்டி இடது பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, “லெஃப்ட்டுணா” என்றேன். திரும்பினார். அடுத்த படத்துக்கும் எதிரே இருந்த ரோட்டுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான்கு கிலோமீட்டர் வாயைத் திறக்கவில்லை. “தம்பி, கரெக்டா?” என்றார் ஒருமுறை. “கரெக்டுதாணா.” ரோடு ஒரு ஏரிக்கரையில் போய் முடிந்தது. முன்னால் எருமைகள்.

அவர் இன்ஜினை அணைத்தார். கோபப்படவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: “வழி தப்புனது பரவால்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நான் கண்ணால பாத்து ஓட்டிட்டுப் போயிருப்பேன். தெரிஞ்ச மாதிரி சொன்ன பாரு, அப்ப நான் பாக்கறதயே நிறுத்திட்டேன்.”

இரண்டு மார்ஷல்களைக் கோட்டைவிட்டு, கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தோம்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, பெரிய ராலிகளிலும் கோ-டிரைவர்கள் நோட்டில் இடம் தவறுவது நடப்பதுதான். பக்கம் ஒட்டிக்கொள்ளும், ஒரு குதியில் கண் வரி தாண்டிவிடும். அந்த நொடியில் உடனே ‘விட்டுட்டேன்’ என்று சொல்லிவிடவேண்டும். டிரைவர் வேகத்தைக் குறைத்துக் கண்ணை நம்பி ஓட்டுவார். இவர் எங்காவது தெளிவான ஓர் இடத்தில், ஒரு பாலத்திலோ கொண்டை ஊசியிலோ, மறுபடி பிடித்துக்கொள்வார். கௌரவத்துக்காக ஊகித்து ஓர் எண்ணைச் சொன்னால் கதை முடிந்தது. கோயம்புத்தூர் ராலியின் ஸ்டேஜ்கள் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகும். அங்கே தலையைத் தூக்கிப் பார்த்தும் பிரயோஜனமில்லை. ஒரு காற்றாலை இன்னொரு காற்றாலையைப் போலவே இருக்கும்.

பார்வையற்றவர்கள் நேவிகேட்டராக இருக்கும் கார் ராலிகள் நம் நாட்டில் பல நகரங்களில் நடந்திருக்கின்றன, சென்னையிலும். ரோடுபுக் பிரெயிலில் இருக்கும். அவர் விரலால் படித்துச் சொல்ல, கண்ணுள்ளவர் ஓட்டுவார். பத்திரிகைகள் இதை மனதை உருக்கும் செய்தியாகப் போடும். எனக்கு உருகவில்லை, பொறாமையாக இருந்தது. விரல் வரியை விட்டு நகர்வதில்லை. மேளச் சத்தம் அவருக்கும் கேட்கும். ஆனால் மேளத்தைக் கேட்டபடியே வரியில் விரலை வைத்திருக்கலாம்.

அந்தத் திருமழிசை விஷயத்துக்கு வருகிறேன். சாரதி என்றதும் எல்லாரும் கண்ணனுக்குப் போவார்கள். கண்ணன் ஓட்டியவர், அந்த உவமை நமக்கு ஆகாது. எங்கள் பக்கத்திலேயே இதைவிடப் பொருத்தமான கதை இருக்கிறது. திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியை விட்டுப் போகச் சொல்லிவிட்டான். ஆழ்வார் திருவெஃகாப் பெருமாளிடம் போய், நாங்கள் கிளம்புகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஓர் இரவு தங்கிய இடம் இன்றைக்கு ஓரிக்கை. மன்னன் மனம் மாறி அழைத்ததும், சரி, திரும்பப் போய்ப் படுத்துக்கொள் என்றார் ஆழ்வார். படுத்துக்கொண்டார், திசை மாறி. அதனால் அந்தப் பெருமாளுக்கு யதோக்தகாரி என்று பெயர். தமிழில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். பக்தியின் பெருமை என்று உரைகாரர்கள் விரிப்பார்கள். ஏரிக்கரையில் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நாளிலிருந்து எனக்கு அந்தக் கதையில் ஆழ்வாரின் கஷ்டம்தான் தெரிகிறது. சொன்னால் சொன்னபடி அப்படியே செய்துவிடும் ஒருவர் எதிரே இருக்கும்போது வாயைத் திறப்பது எத்தனை பயங்கரம்.

பூந்தமல்லிக்காரரான திருக்கச்சி நம்பிகளும் இந்த வரிசையில் சேருவார். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர், அவரோடு பேசக்கூடியவர் என்பது மரபு. ராமானுசர் தம் மனதில் இருந்த ஐயங்களை இன்னவை என்று விரித்துச் சொல்லாமலே கேட்டுவரச் சொன்னார். வரதர் சொன்ன ஆறு வார்த்தைகளை நம்பிகள் கொண்டுவந்து கொடுத்தார். கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலைக் கொண்டுவருவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். ஏழாவதாக ஒன்றைத் தன் பங்குக்குச் சேர்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ராலிக் கணக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தாமதத்துக்கும் அவசரத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் விலை. உலக ராலி விதிப்படி டைம் கண்ட்ரோல் என்னும் நேரச் சாவடிக்குத் தாமதமாக வந்தால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 விநாடி தண்டனை. முன்கூட்டி வந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு முழு நிமிடம். ஆறு மடங்கு. ஸ்டேஜுக்குள் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு உயிரைக் கொடுப்பவர்கள், வெளியே வந்ததும் அந்தச் சாவடியின் மஞ்சள் பலகைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, தங்கள் நிமிடம் பிறக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பின் கணக்கும் கோ-டிரைவரிடம்தான். பஞ்சரான டயரை மாற்றுவதும், கவிழ்ந்தால் பின்னால் வரும் கார்களுக்கு ‘ஓகே’ அல்லது ‘எஸ்.ஓ.எஸ்.’ பலகை காட்டுவதும் அவர் பாடே.

இத்தனை செய்தும் பெயர் டிரைவருக்குப் போகும் என்று புலம்பத் தோன்றும். முழு உண்மையில்லை. உலக ராலியில் கோ-டிரைவருக்குத் தனிப் பட்டம் உண்டு. 2004-லிருந்து 2012 வரை தொடர்ச்சியாக ஒன்பது வருஷம் செபாஸ்தியன் லோப் வாங்கிய ஒவ்வொரு பட்டத்துக்கும் பக்கத்தில் டேனியல் எலேனாவின் பட்டமும் இருக்கிறது. 1981-இல் ஆரி வாத்தனனுக்கு நோட்ஸ் படித்த டேவிட் ரிச்சர்ட்ஸ் பிறகு புரோடிரைவ் நிறுவனத்தை உண்டாக்கினார். கோ-டிரைவராகத் தொடங்கிய ஜான் டோட் உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக 2009 முதல் 2021 வரை இருந்தார். நம் பக்கத்தில் 2000-களில் எம்.ஆர்.எஃப். அணியில் நரேன் குமார் என்றால் கூடவே ராம் குமார் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள், இரட்டையர் மாதிரி. கௌரவ் கில்லுக்குப் பக்கத்தில் தேசிய ராலிகளில் உட்கார்ந்த மூசா ஷெரீஃப் காசர்கோட்டுக்காரர். ராலி ஆட்களிடம் கேட்டால் தெரியும். வெளியே யாருக்குத் தெரியும் என்று கேட்டால், பதில் இருங்காட்டுக்கோட்டையில் என் பக்கத்தில் நின்றவர் சொன்னதுதான். வெயிட்டுக்கு.

வேல்ஸ் நாட்டில் மார்கம் என்று ஓர் இடம். 1998-இல் அங்கே கார்லோஸ் சைன்ஸின் உலகப் பட்டத்துக்குச் சில நூறு மீட்டர் பாக்கி இருக்கும்போது இன்ஜின் செத்துப்போனது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா இறங்கி, ஹெல்மெட்டால் காரின் பின்கண்ணாடியை உடைத்தார். ராலி முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் ஒரே குரலில் எண் படித்த மனிதர். அந்தக் கோபம் எங்கே இருந்தது அதுவரை? 2005 செப்டம்பரில் அதே மார்கமில் மார்க்கோ மார்ட்டினின் கார் மரத்தில் மோதியது. மோதியது கோ-டிரைவர் பக்கம். மைக்கேல் பார்க் இறந்தார். மார்ட்டின் அதன்பிறகு முழுநேர ராலிக்குத் திரும்பவில்லை.

நோட்டில் எழுத முடியாதது ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் தேசிய ராலி நடந்துகொண்டிருந்தபோது, ஸ்டேஜுக்குள் வந்துவிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் மேல் ராலி கார் மோதி மூன்று பேர் இறந்தார்கள். கணவன், மனைவி, பிள்ளை. ரெக்கி நாளில் அந்த ரோடு அவர்கள் ரோடு. அவர்கள் அங்கே இருப்பார்கள் என்று எந்த வரியில் எழுதுவது? நோட்ஸ் என்பது ரோடு நேற்று எப்படி இருந்தது என்பதன் பதிவு. கோ-டிரைவர் நேற்றைப் படிக்கிறார், டிரைவர் அதை நாளையாக எடுத்துக்கொண்டு மிதிக்கிறார். மூடிய ரோடு என்பதை நம்பித்தான் இரண்டு பேரும் நேற்றை நம்புகிறார்கள். நம் நாட்டில் ரோட்டை மூடுவது எப்படி என்று அம்பத்தூரில் வீடு வைத்திருப்பவனுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். மூன்று வீட்டுக்காரர்கள் தடுப்பை நகர்த்திவிட்டுப் போவார்கள், அதில் நானும் ஒருவனாக இருப்பேன்.

இன்னொருவர் சொல்வதை நம்பி ஓட்டுவது ராலியில் மட்டும் இல்லை. ஆவடியில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. டாங்கியில் மேல்மூடியைச் சாத்திவிட்டால் டிரைவருக்குக் கிடைப்பது பெரிஸ்கோப் வழியே ஒரு கீற்று உலகம். மேலே டரட்டில் இருக்கும் கமாண்டர் காதில் சொல்வதைக் கேட்டுத்தான் ஓட்டம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் இந்தக் கதையெல்லாம் சொன்னபோது, “இதுல என்ன சார் அதிசயம், கண்டக்டர் ரெண்டு விசில் அடிச்சா டிரைவர் திரும்பிப் பாத்தா எடுக்கறாரு?” என்றார். நியாயம்தான்.

கிளீனர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். சம்பளம் கட்டுப்படியாகவில்லை, பையன்களும் வருவதில்லை. போன மாதம் பழைய கம்பெனிக்கு ஒரு காகிதம் வாங்கப் போயிருந்தேன். கேட் வெளியே ஒரு நீளமான டிரெய்லர், டிரைவர் தனி ஆள், வடக்கிலிருந்து வந்தவர். செக்யூரிட்டி சாப்பிடப் போயிருந்தார். டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கையால் பின்னால் காட்டினார். நான் போய் நின்றேன். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே.

பத்தொன்பது வருஷம் கேட்ட குரல். முதல் ‘வா’ தொண்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது வந்தது. வண்டி நகர்ந்தது. நாற்பது அடி இரும்பு, நான் சொன்ன ஓர் எழுத்துக்கு. வா… வா… இடப்பக்கம் கேட்டின் தூணும் வலப்பக்கம் சுவரும் மாறி மாறிக் கிட்டே வந்தன. லெஃப்ட்ல ஒடி என்றேன். எந்த லெஃப்ட், என் லெஃப்ட்டா, அவர் லெஃப்ட்டா என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. வா. வா. சுவருக்கும் பின் பம்பருக்கும் நடுவே இருந்த வெயில் பட்டை மெலிந்துகொண்டே வந்து ஒரு கையளவு ஆனது. கண்ணை எடுக்காமல் கத்தினேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ‘ஹோல்டான்’ தெரிந்திருந்தது.